ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்: ஃபோர்டு 1.0 ஈக்கோபூஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் பழைய ஃபோர்டு ஃபியஸ்டா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று கார் தெரிந்த யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி: "ஒரு லிட்டரா? பெல்ட் மாத்தியாச்சா?" நிறம், விலை, ஓடிய மைல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கேட்பவர்களில் பாதிப் பேர், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து எஞ்சின் நொறுங்குவதை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் ஃபோர்டின் இந்த ஒரு லிட்டர் எஞ்சின் பெரும்பாலும் வேறு விதமாகச் சாகிறது. பெல்ட் அறுவதற்கு முன்பே, அதிலிருந்து உதிர்ந்த தூள் ஆயில் போகும் வழியை அடைத்துவிடுகிறது. இந்த வித்தியாசம் புரியாமல் சர்வீஸ் செய்தாலும், கார் வாங்கினாலும், கராஜில் விலை கேட்டாலும் பணம் தவறான இடத்தில் போய் விழும்.

எஞ்சினின் பின்னணி

1.0 ஈக்கோபூஸ்ட் 2012-ல் ஃபோகஸில் வந்தது. பிறகு பி-மேக்ஸ், ஃபியஸ்டா, சி-மேக்ஸ், எக்கோஸ்போர்ட், மொண்டியோ, சின்ன டிரான்ஸிட் வேன்கள் என்று ஃபோர்டின் ஐரோப்பிய வரிசை முழுவதும் பரவியது. 999 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். வடிவமைப்பில் பெரும்பங்கு எசெக்ஸில் உள்ள டன்டன் தொழில்நுட்ப மையத்தில் நடந்தது. எஞ்சின் பிளாக் ஒரு ஏ4 தாளின் பரப்புக்குள் அடங்கிவிடும் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. அவ்வளவு சிறிய எஞ்சினிலிருந்து 100, 125 குதிரைத்திறன். 2014-ல் 140 குதிரைத்திறன் வடிவமும் வந்தது. ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின் என்ற பரிசு 2012, 2013, 2014 என மூன்று ஆண்டும் தொடர்ந்து இதற்கே போயிற்று. பரிசு கொடுப்பவர்கள் பத்தாவது வருடம் வரை காத்திருந்து கொடுப்பதில்லையே.

பிரிட்டனில் இது ஏன் இவ்வளவு விற்றது என்பதற்கு வரிக்கணக்கு ஒரு முக்கியக் காரணம். 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான கார்களுக்குச் சாலை வரி கரியமில வாயு அளவை வைத்துத்தான். ஃபியஸ்டாவின் ஒரு லிட்டர் வடிவங்கள் பல கிலோமீட்டருக்கு 99 கிராம் என்று பதிவானதால் ஆண்டு வரி பூஜ்யம். 2025 ஏப்ரலில்தான் அந்தப் பிரிவுக்கு 20 பவுண்டு விதித்தார்கள். 2009 முதல் 2020 வரை நாட்டில் அதிகம் விற்ற கார் ஃபியஸ்டா. 2023 ஜூலையில் உற்பத்தி நின்றது. பெட்ரோல் கார் என்பதால் அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்கு லண்டன் விதிக்கும் யூலெஸ் கட்டணமும் இதற்குக் கிடையாது. ஆகவே பழையதானாலும் கிராக்கி குறையவில்லை. மூன்றாவது, நான்காவது உரிமையாளர் கைகளில் இவை லட்சக்கணக்கில் ஓடுகின்றன. பிரிட்டனில் 2014 முதல் சில ஆண்டுகள் விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகிக் கப்பலேறியவை என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது.

ஒரு பெல்ட் அல்ல, இரண்டு

சாதாரண டைமிங் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் உலர்ந்த நிலையில் ஓடும். அதன் மேல் ஆயில் பட்டாலே மாற்றிவிட வேண்டும் என்பது பழைய மெக்கானிக் பாடம். இங்கே பெல்ட் எஞ்சினுக்குள்ளேயே, சூடான ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. பேச்சில் எல்லாரும் வெட் பெல்ட் என்பார்கள். செயினைவிட சத்தம் குறைவு, உராய்வு குறைவு, அதனால் எரிபொருளிலும் புகைக்கணக்கிலும் கொஞ்சம் லாபம். இதுதான் ஃபோர்டின் கணக்கு. யோசனையும் புதிதல்ல, ஃபோர்டின் பழைய 1.8 டீசலிலேயே இது உண்டு. பின்னாளில் டிரான்ஸிட் வேன்களின் 2.0 ஈக்கோபுளூ டீசலிலும் அதே ஏற்பாடு வந்து, அதே புகாரும் கூடவே வந்தது.

பலர் கவனிக்கத் தவறுவது இரண்டாவது பெல்ட்டை. முதலாவது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து மேலேறி, வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளையும் சுற்றும் டைமிங் பெல்ட். இரண்டாவது, கிராங்கிலிருந்து கீழிறங்கி ஆயில் பம்ப்பைச் சுற்றும் குட்டி பெல்ட். டைமிங் பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் மோதும். குட்டி பெல்ட் போனால் எஞ்சின் அப்போதும் ஓடும், ஆனால் ஆயில் அழுத்தமே இல்லாமல். கொஞ்ச நேரத்தில் பேரிங்குகள் காலி. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் இந்த எஞ்சின் உள்ள ஏறக்குறைய 1,40,000 ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இந்தக் குட்டி பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்தான். டென்ஷனர் கை முறியலாம், பெல்ட்டின் பல் உதிரலாம். ஆயில் அழுத்தம் போய் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கான வாக்குவம் உதவியும் போய்விடும் என்பது அங்கே சொன்ன காரணம்.

2018-க்குப் பிறகு ஃபோர்டு இந்த எஞ்சினைத் திருத்தி, டைமிங் பெல்ட்டின் இடத்தில் செயினைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. இதை வைத்து "2019 மாடல், செயின்தான், கவலை வேண்டாம்" என்று விற்பவர்கள் உண்டு. இரண்டு இடத்தில் அது சறுக்கும். மாற்றம் எல்லா மாடலுக்கும் ஒரே நாளில் வரவில்லை. பதிவு ஆண்டை வைத்து முடிவு செய்ய முடியாது. சேசிஸ் நம்பரை ஃபோர்டு டீலரின் பாகப் பிரிவில் கொடுத்தால் எது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அடுத்தது, செயின் வந்த எஞ்சினிலும் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது அதே நனைந்த பெல்ட்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தொடக்கக் காலக் கார்களில் கூலன்ட் போகும் ஒரு நைலான் குழாய் வெடித்து, எஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட் கெட்டுப்போகும் பிரச்சினை தனியாக இருந்தது. அதற்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. 2012, 2013 கார் என்றால் திருத்திய குழாய் போட்டிருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்; மற்றபடி இந்த ஆய்வில் அது இல்லை.

பெல்ட்டைத் தின்பது எது

பெல்ட்டின் உடல் ஆயிலைத் தாங்கும்படி செய்த நைட்ரைல் வகை ரப்பர்; உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள். சரியான ஆயிலில், சுத்தமான ஆயிலில் அது நெடுநாள் தாங்கும். இந்த இரண்டு நிபந்தனையும்தான் வீதியில் உடைகின்றன.

ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20 என்ற கெட்டித்தன்மையுள்ள ஆயில், அதுவும் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரக்குறி உள்ளது. பழைய ஃபோர்டுகளுக்கு ஊற்றிப் பழகிய 913-டி தரத்து 5டபிள்யூ-30 அல்ல. வாரண்டி முடிந்து தெருமுனை கராஜுக்குக் கார் வரும்போதுதான் இது தவறுகிறது. அங்கே மூலையில் ஒரு பெரிய பீப்பாய் 5டபிள்யூ-30 இருக்கும். ஃபோர்டு, வாக்ஸ்ஹால், கியா எது வந்தாலும் அதிலிருந்துதான். ரசீதில் "ஃபுல்லி சிந்தெடிக் ஆயில்" என்று மட்டும் எழுதியிருக்கும். ரப்பரின் மேல் வேலை செய்வது ஆயிலின் கெட்டித்தன்மையைவிட அதிலுள்ள சேர்மானங்கள்தான். இந்த பெல்ட் எந்தச் சேர்மானக் கலவையோடு சோதிக்கப்பட்டதோ அதுதான் 948-பி. ஆகவே இந்த எஞ்சினில் ஆயிலை ஒரு நுகர்பொருளாகப் பார்க்கக் கூடாது. பெல்ட்டோடு ஜோடியாக வடிவமைத்த ஒரு பாகமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த எதிரி பெட்ரோல். நேரடி இன்ஜெக்‌ஷனில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பீய்ச்சும் பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். ஜனவரி காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைல், அங்கிருந்து டெஸ்கோ கடை ஒரு மைல், திரும்ப வீடு என்று ஓடும் காரில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. பெட்ரோல் சேர்ந்துகொண்டே போகும். பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பும், இளகும், பிறகு பிளக்கும். அதனால்தான் 30,000 மைல் மட்டுமே ஓடிய பாட்டி கார், நெடுஞ்சாலையில் 90,000 மைல் ஓடிய விற்பனைப் பிரதிநிதியின் காரைவிட மோசமான பெல்ட்டோடு வருவதுண்டு. குறைந்த மைல் என்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்கும் பழக்கம் இந்த எஞ்சினிடம் செல்லாது.

மூன்றாவது, ஆயில் மாற்றும் இடைவெளி. புத்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 12,500 மைல் என்ற அளவில் போட்டிருக்கும். புதுக் காரை வாங்கியவர் இதைக் கடைப்பிடித்திருப்பார். ஐந்தாறு வயதான காரில் ஒரு வருடம் தாண்டிவிடும், பிறகு இரண்டு. குறுகிய தூர ஓட்டத்துக்கு ஒரு வருடமே அதிகம்; எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 6,000 முதல் 8,000 மைலுக்குள் மாற்றுவது உசிதம். கொள்ளளவு ஃபில்டரோடு சேர்த்து நாலு லிட்டரை ஒட்டியது. 948-பி ஆயில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் போதும், மீதி டாப்-அப்புக்கு. எஞ்சின் ஃப்ளஷ் என்று விற்கும் கரைப்பான் திரவத்தை ஆயில் மாற்றும் முன் ஊற்றும் வழக்கம் சில கராஜ்களில் உண்டு. வெட் பெல்ட் எஞ்சினில் அதை ஊற்றவே கூடாது. ரப்பரைக் கரைக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

150,000 மைல் என்ற எண்

ஃபோர்டு டைமிங் பெல்ட்டுக்குக் கொடுத்த ஆயுள் 10 ஆண்டு அல்லது 150,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. இந்த வாக்கியத்தில் மக்கள் மனதில் தங்குவது பெரிய எண் மட்டும்தான். பிரிட்டனில் ஒரு சராசரி கார் ஆண்டுக்கு ஏழாயிரம் மைல் அளவில்தான் ஓடுகிறது. 150,000-ஐத் தொட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதாவது, மைல் வரம்பு பெரும்பாலானவர்களுக்கு இல்லாததற்குச் சமம். உண்மையான வரம்பு பத்து வருடம். 2012-ல் பதிவான கார் 2022-லும், 64 நம்பர் பிளேட் உள்ள கார் (2014 செப்டம்பர் முதல் பதிவானது) 2024 இறுதியிலும், 17 பிளேட் (2017 மார்ச் முதல்) 2027-லும் அந்த வரம்பைத் தொடுகின்றன. அந்தப் பத்தாவது வருடத்தில் காரை வைத்திருப்பவர் அதைப் புதிதாக வாங்கியவர் அல்ல. முதல் உரிமையாளர் மூன்று வருடத் தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். விற்பனை அட்டையில் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டியது அவருக்காக. பில் வருவது மூன்றாவது ஆளுக்கு.

நடைமுறையில் இந்த எஞ்சினைத் திறந்து பார்த்துப் பழகியவர்கள் பத்து வருடம் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆயில் வரலாறு சுத்தமாக, ரசீதுகளோடு இருந்தால் எட்டு வருடம் அல்லது 80,000 மைல். வரலாறு தெரியாது என்றால் கார் கைக்கு வந்ததும். இதுவே நியாயமான வரையறை.

எஞ்சின் சாகும் வரிசை

பெல்ட்டின் முதுகும் பல் ஓரங்களும் முதலில் வெடிப்பு விடுகின்றன. சின்னச் சின்ன ரப்பர் துகள், நூலிழை உதிர்ந்து ஆயிலோடு சம்ப்புக்கு வருகின்றன. சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, அதுதான் ஸ்ட்ரெய்னர். துகள் எல்லாம் அங்கே படிகிறது. காபி வடிகட்டியில் தூள் சேர்ந்து டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் போல, பம்ப்புக்கு ஆயில் வருவது குறைகிறது.

முதலில் பாதிப்படைவது டர்போ. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடிய தண்டு அது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. அழுத்தம் குறைந்தால் படலம் உடைந்து பேரிங் தேய்கிறது, விசில் சத்தம் வருகிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் கேம் டைமிங் அமைப்பும் தடுமாறும். கேம் நிலை தொடர்பான பி0011, பி0016 போன்ற பிழைக் குறியீடுகள், எஞ்சின் விளக்கு. ஆயில் அழுத்தம் குறைவு என்ற பி0524 வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் கிராங்க் பேரிங்குகள் அடிபட்டு, கீழிருந்து ஆழமான தட்டல் கேட்கும். அதன் பிறகு பெல்ட் மாற்றிப் பயனில்லை.

இந்த வரிசையில் ஓட்டுநருக்குக் கண்ணில் படும் அறிகுறிகள் மிகக் குறைவு. சூடான எஞ்சின் சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு கணம் மின்னி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அணைவது அவற்றில் முக்கியமானது. சூட்டில் ஆயில் மெலியும், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும். அழுத்தம் மிகக் குறையும் நேரம் அது. "சென்சார் போயிருக்கும், மாத்திட்டா சரியாயிடும்" என்று இங்கேதான் தப்பாகப் போகிறார்கள். சென்சார் கெட்டதாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதை முதல் ஊகமாக வைத்துக்கொண்டு இன்னும் இருநூறு மைல் ஓட்டுபவர் எஞ்சினையே வாங்க வேண்டியிருக்கும்.

ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று திரையில் வரும் அறிவிப்பு வேறு; சிவப்பு நிறத்தில் எரியும் ஆயில் கேன் விளக்கு வேறு. இரண்டாவது எரிந்தால் அடுத்த எக்ஸிட் வரை போகலாமா என்று யோசிக்கக் கூடாது. பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் நின்ற பின் பிரேக் பெடல் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே இலகுவாக இருக்கும், பிறகு கல்லாகிவிடும் என்பதால் கார் முழுவதும் நின்ற பிறகுதான் அணைக்க வேண்டும். அதற்கு மேல் லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும்; டிப்ஸ்டிக் பார்த்து அளவு சரியாக இருக்கிறதே என்று மறுபடி ஸ்டார்ட் செய்வது ஸ்ட்ரெய்னர் அடைத்த எஞ்சினுக்கு மரண அடி. அளவு சரியாகத்தான் இருக்கும். ஆயில் இருக்கிறது, ஏறவில்லை, அதுதானே நோய்.

சோதிக்கும் முறை

முதலில் டிப்ஸ்டிக். அளவு மேல் குறியைத் தாண்டி ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலில் எரிபொருள் கலந்திருக்கிறது. இது பெல்ட் கெட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் அல்ல; கெடுவதற்கான சூழல் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்.

அழுத்தச் சந்தேகம் என்றால் ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்ட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும், 2,000, 3,000 சுற்றிலும் எடுத்த அளவை ஒர்க்‌ஷாப் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது. கெட்டியான ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்க்கலாம். மடிப்புகளில் கறுப்பு ரப்பர்த் துகள், நூல் தெரிந்தால் பெல்ட் உதிர்கிறது. ஆனால் ஃபில்டர் சுத்தமாக இருப்பதால் நிம்மதி அடைய முடியாது. ஸ்ட்ரெய்னர் பம்ப்புக்கு முன்னால் இருக்கிறது, ஃபில்டர் பின்னால். பெரிய துகள் சல்லடையிலேயே நின்றுவிடும். ஃபில்டருக்கு வந்து சேர்வது அதைக் கடந்த பொடி மட்டும்தான். உறுதியாகத் தெரிய சம்ப்பை இறக்கித்தான் ஆக வேண்டும். சில மணி நேர வேலை. அடியில் கறுப்புக் குருணை, சல்லடையில் படலம், பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரெஞ்சுத் தயாரிப்பான 1.2 பியூர்டெக் எஞ்சினுக்கு, பியூஜோ 208, புது வாக்ஸ்ஹால் கோர்ஸாவில் வருவது, ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே பெல்ட்டின் அகலத்தை அளக்கும் ஒரு கேஜ் உண்டு. உப்பியிருந்தால் கேஜ் உள்ளே போகாது. அதை வாங்கிக்கொண்டு ஃபோர்டிடம் வரக் கூடாது. இரண்டு எஞ்சினுக்கும் நோய் ஒன்று, சோதனை வேறு.

மாற்றும் வேலையில் எங்கே கோட்டை விடுகிறார்கள்

உலர் பெல்ட் மாற்றும் வேலையோடு இதை ஒப்பிடவே முடியாது. எஞ்சினைக் கீழிருந்து தாங்கி, வலப்பக்க மவுண்ட்டைக் கழற்றி, துணை பெல்ட், கிராங்க் புல்லி, வால்வு கவர், முன்பக்கக் கவர் எல்லாம் வெளியே வர வேண்டும். குட்டி பெல்ட்டுக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப்பும் இறங்க வேண்டும். அனுபவம் உள்ள கைக்கே ஒரு முழு வேலைநாள், பழக்கமில்லாதவருக்கு இரண்டு.

கிராங்க் புல்லியிலும் கேம் பற்சக்கரங்களிலும் அவை தண்டில் நழுவாமல் பிடிக்கும் சாவி என்ற உலோகத் துண்டு கிடையாது. போல்ட் அழுத்திப் பிடிக்கும் உராய்வு மட்டுமே அவற்றை நிறுத்துகிறது. இதற்கு இரண்டு விளைவுகள். கேம்களையும் கிராங்கையும் அதற்கான பூட்டுக் கருவிகளால் பூட்டாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. பெயின்ட்டால் குறி வைத்துச் செய்யும் பழைய முறை இங்கே வேலைக்கு ஆகாது. கிராங்க் போல்ட் மிக அதிக முறுக்கில், பிறகு கோணக் கணக்கில் இறுக்கப்படுவது. ஒருமுறை கழற்றினால் புதியதுதான். பழைய போல்ட்டையே போட்டு இம்பாக்ட் துப்பாக்கியால் இறுக்கியவரின் வேலை, சில ஆயிரம் மைலில் புல்லி நழுவி டைமிங் கலைந்து திரும்பி வரும்.

சம்ப்புக்கும் முன்கவருக்கும் கேஸ்கெட் அல்ல, சீலன்ட். பழையதைச் சுரண்டி எடுக்கும்போது துணுக்குகள் உள்ளே விழக் கூடாது. புதியதை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, புத்தம்புது ஸ்ட்ரெய்னரையே போய் அடைக்கும். மெல்லிய ஒரு கோடு போதும். உலர வேண்டிய நேரத்துக்குப் பிறகே ஆயில் ஊற்ற வேண்டும்.

எல்லாம் மாட்டிய பின் பூட்டுக் கருவிகளை எடுத்துவிட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கருவிகள் மீண்டும் தடையின்றி உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு இன்ஜெக்‌ஷனைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றி, அதற்கப்புறம் ஸ்டார்ட். துகள் கண்ட எஞ்சின் என்றால் 500 முதல் 1,000 மைலுக்குள் ஆயிலும் ஃபில்டரும் இன்னொரு முறை.

விலை கேட்கும்போது "வெட் பெல்ட் மாற்ற எவ்வளவு" என்று கேட்டால் வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மலிவான விலையில் பெரும்பாலும் டைமிங் பெல்ட் மட்டும் இருக்கும். கேட்க வேண்டியது, எழுத்தில் வாங்க வேண்டியது: டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும், ஆயில் பம்ப் பெல்ட்டும் அதன் டென்ஷனரும், சம்ப் இறக்கி ஸ்ட்ரெய்னர் மாற்றுவது, புதிய கிராங்க் போல்ட், கேம் போல்ட்டுகள், கிராங்க் சீல், 948-பி ஆயில். குட்டி பெல்ட்டை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் மாற்றிய காரின் சர்வீஸ் புத்தகத்திலும் "வெட் பெல்ட் மாற்றப்பட்டது" என்றுதான் எழுதியிருக்கும்.

செய்வதா, விற்பதா

முழு வேலைக்குத் தனிக் கராஜில் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். டீலரிடம் அதற்கும் மேல். கார் மூவாயிரம், நாலாயிரம் பவுண்டு பெறும். காரின் விலையில் கால்பங்குக்கும் மேல் ஒரு ரப்பர் வளையத்துக்கா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது எஞ்சின்: பழுதுபார்த்த எஞ்சினை மாட்டி முடிக்கும்போது காரின் விலையையே தொட்டுவிடும். உடைத்த காரிலிருந்து எடுத்த எஞ்சின் மலிவு; ஆனால் அதற்குள்ளும் அதே வயது பெல்ட், வரலாறு தெரியாத ஆயில். அதைப் போடுவதென்றால் மாட்டும் முன்பே, எஞ்சின் மேசையில் இருக்கும்போதே பெல்ட்டுகளையும் ஸ்ட்ரெய்னரையும் மாற்றிவிட வேண்டும். உழைப்புக் கூலி குறையும்.

துரு இல்லாத, கிளட்ச் நல்ல நிலையில் உள்ள, இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப்போகும் கார் என்றால் மாற்றுவதில் தயக்கத்துக்கு இடமில்லை. அடியில் அரிப்பு, கிளட்ச் வழுக்கல், அடுத்த எம்ஓடி-க்கு (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனை) சஸ்பென்ஷன் வேலை என்று வரிசையில் நிற்கும் காருக்கு மாற்றுவது நட்டம். அதை உள்ளது உள்ளபடி சொல்லி விலை குறைத்து விற்பதே மேல்.

எம்ஓடி பற்றி ஒரு வார்த்தை. "போன வாரம்தான் எம்ஓடி பாஸ்" என்பதற்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் ஆகியவற்றின் நிலையை எம்ஓடி பார்ப்பதில்லை. ஆனால் அரசு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்ஓடி வரலாறு வேறு வகையில் உதவும். ஒவ்வொரு ஆண்டும் ஓடிய மைல் அதில் பதிவாகியிருக்கும். ஆண்டுக்கு 2,500, 3,000 மைல் என்று தொடர்ந்து வந்தால் அது குறுந்தூரக் கார். சர்வீஸ் ரசீதுகளின் தேதிகளை அதனருகில் வைத்துப் பார்த்தால் ஆயில் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் வெளியாகும்.

வாங்கிய பிறகு போனால்

வியாபாரியிடம் வாங்கிய காருக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். முதல் 30 நாளில் குறை தெரிந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். குறை வாங்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டியது வாங்கியவர். அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள் என்றால் குறை முன்பே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது வியாபாரி. ஆனால் பழுதுபார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். காரின் வயது, விலை, ஓடிய மைல் எல்லாம் கணக்கில் வரும் என்பதால் பத்து வயதுக் காரில் வாதம் எளிதாக இராது. ஸ்ட்ரெய்னரின் புகைப்படமும் தனி மெக்கானிக்கின் எழுத்து அறிக்கையும் இங்கே கைகொடுக்கும்: அந்த அளவு துகள் இரண்டு வாரத்தில் சேர்வதில்லை. முன்பணமாக ஒரு சிறு தொகையையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, கார் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் முழுத் தொகைக்கு உரிமை கோரலாம்.

தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை; அவர் சொன்னது பொய் என்று காட்டினால்தான் வழக்கு. ஆகவே "பெல்ட் மாத்தியாச்சு" என்பதை வாய்ப்பேச்சில் விடாமல், பணம் கொடுக்கும் முன் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல வைக்க வேண்டும், ரசீதின் படத்தோடு. ரசீதில் இரண்டு பெல்ட்டுகளின் பாக எண்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே எண் இருந்தால் குட்டி பெல்ட் இன்னும் பழையதுதான் என்று எடுத்துக்கொண்டு விலை பேசலாம். தனியாக வாங்கும் வாரண்டி பாலிசிகளில் டைமிங் பெல்ட் பராமரிப்புப் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கிறதா, குறித்த தரத்து ஆயில் ஊற்றியதற்கு ரசீது கேட்கிறார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும். ஃபோர்டிடம் நல்லெண்ண உதவி கேட்டு எழுதுவதானாலும் அதே ரசீதுகள்தான் வேண்டும்: தேதி, மைல், ஆயிலின் தரக்குறி மூன்றும் தெரிகிற மாதிரி.